நஞ்சண்ணன் ஒதுங்கிய நாள்

நவம்பர் 6, திங்கள்

என் பெயர் மாரப்பன். வயது எழுபத்தேழு. இதை நானே எழுதுகிறேன்.

இந்த ஒரு வரிக்குள் ஒரு டம்ளர் டீ ஆறிப்போயிற்று. என் சம்சாரம் பழனாத்தாள் வந்து எட்டிப் பார்த்தாள். "ஏனுங், பேர எழுதறதுக்கே இந்நேரமா? ஊர்ப் பேர எழுதி முடிக்கறதுக்குள்ள பொங்கல் வந்துருமாட்ட இருக்குது" என்றாள். ஊர்ப் பெயரை நாளைக்கு எழுதிக்கொள்ளலாம்.

தினமும் எழுத வேண்டும் என்பது எமிலி டீச்சர் உத்தரவு. பகலில் சத்துணவு ஆக்கும் அறையில் சாயங்காலம் எங்களுக்கு எழுத்து வகுப்பு. பதினோரு பெண்களும் நானும். நான்கு மாதமாயிற்று. ஒரு எழுத்தை எழுதி முடித்துத் தள்ளி வைத்துப் பார்க்கும்போது எனக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. நான் எழுதியதா இது!

வீட்டுக்குப் பின்னால் மாட்டுக் கொட்டகையில் இப்போது மாடு இல்லை. சங்கிலி டிராக்டர் நிற்கிறது. டயர் கிடையாது. இரண்டு பக்கமும் இரும்புச் சங்கிலி உருண்டு, அதன்மேல் ஊர்ந்து போகும் வண்டி. இருபது வயதிலிருந்து பதினோரு வருஷம் நான் ஓட்டியது இதே வண்டிதான். மேற்குத் தோட்டத்தில் தென்னைகளுக்கு நடுவே வேலிமுள்ளுக்குள் கிடந்தது. தோட்டத்துக்கார நவநீதன் தம்பி, "எடத்த அடைச்சுட்டுக் கெடக்குதுங்கய்யா, எடுத்துட்டுப் போங்க" என்று சும்மாவே கொடுத்துவிட்டார். கிரேன் வைத்துக் கொண்டுவந்து இறக்கினேன்.

கை வலிக்கிறது. சந்தோஷமாக இருக்கிறது.

நவம்பர் 9, வியாழன்

இன்ஜின் இறுகிக் கிடக்கிறது. சிலிண்டர் நான்கிலும் டீசலும் மண்ணெண்ணெயும் கலந்து ஊற்றி வைத்தேன். துரு ஊறி இளக வேண்டும். அவசரப்பட்டு நெம்பினால் உடைந்துவிடும்.

ஏர் பில்டருக்குள் எலி குட்டி போட்டிருந்தது. பழனாத்தாள் பார்த்துவிட்டு, "குடியிருக்கறவங்களக் காலி பண்றதே இந்த வண்டிக்கு வேலையாப் போச்சு" என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது.

நவம்பர் 10, வெள்ளி

மழை. மண்ணெண்ணெய் அரை இஞ்ச் இறங்கியிருக்கிறது.

நவம்பர் 14, செவ்வாய்

இன்று கிட்டுசாமி வந்தான். பஸ் ஸ்டாப் பக்கத்தில் லேத்துப் பட்டறை வைத்திருக்கிறான். அறுபத்தொரு வயது. என்னைச் சித்தப்பா என்பான். அவனுடைய அய்யன் நஞ்சனை நான் அண்ணா என்று கூப்பிட்டதால் வந்த முறை.

சங்கிலிக் கண்ணிகளைக் கோத்து நிற்கும் பின்கள் தேய்ந்துவிட்டன. கிட்டு ஒன்றைத் தட்டிக் கழற்றி, வெர்னியர் வைத்து அளந்தான்.

"ஏஞ் சித்தப்பா, இது பின்னா, கரும்புச் சக்கையா? கண்ணாலம் பண்ணுன நாள்ல இருந்து மாத்தவே இல்லையா?"

"யாரு கண்ணாலம்?"

"வண்டிக்குத்தான். உங்க கண்ணாலத்தப் பத்தித்தான் சித்தி சொல்லிச் சொல்லிச் சிரிக்குதே."

பழனாத்தாளுக்கு அது போதும். "பொண்ணு பாக்க வந்தப்ப சொந்தக்காரங்க கண்ணாலப் பத்திரிக்கையத் தலகீழாப் புடிச்சுட்டு, நல்லா அச்சடிச்சுருக்கறாங்கன்னு எங்கப்பன்கிட்டச் சொன்ன ஆளு இவரு. எங்கப்பனுக்கும் படிக்கத் தெரியாது, ஆமான்னு தலையாட்டுனாரு" என்றாள். மூன்று பேரும் சிரித்தோம்.

நாற்பது பின்கள் புதிதாகக் கடைந்து தருகிறேன் என்றான். கூலி பேசினால் கோபித்துக்கொள்கிறான்.

கிளம்பும்போது வண்டியின் முன்னால் இருக்கும் மண் தள்ளும் தகட்டைக் காலால் தட்டிப் பார்த்தான். "இதே வண்டிதானே எங்க வெள்ளாமக் காட்ட நெரவுனது?" என்று கேட்டான்.

ஆமாம் என்றேன்.

"வண்டி மேல எனக்கென்ன கோவஞ் சித்தப்பா? அது இரும்பு. எங்கய்யன் மேலதான். யாரோ ஒரு காயிதத்தப் படிச்சாங்களாமா, யாருன்னுகூட அவரு சொன்னதில்ல, உடனே எங்கம்மா கையப் புடிச்சு இழுத்துட்டு ஒதுங்கிட்டாராமா. ஒரு வார்த்த எதுத்துப் பேசல. கோழை. எம் பசங்ககிட்டக்கூடச் சொல்லி வெச்சுருக்கறேன், உங்க அப்பாரு எங்கய்யன் மாதிரி இருந்தறாதீங்கடான்னு."

நான் ஸ்பானரைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 15, புதன்

யாரோ என்றான்.

நவம்பர் 22, புதன்

இன்ஜின் சுற்றிவிட்டது! ப்ளைவீல் சக்கரத்தில் கம்பியை மாட்டி நெம்பினேன். முதலில் ஒரு நூல் நகர்ந்தது. பிறகு கால் சுற்று. பிறகு பெருமூச்சு விட்ட மாதிரி ஒரு சத்தம், முழுச் சுற்று. கொட்டகைக்குள் தனியாகக் கைதட்டினேன். பழனாத்தாள் கரண்டியோடு ஓடிவந்தாள், நான் விழுந்துவிட்டேன் என்று நினைத்து.

வகுப்பில் இதைச் சொன்னதும் எமிலி டீச்சர், "அடுத்த மாசம் பத்தாந்தேதி விழாங்கய்யா. ஒவ்வொருத்தரும் சொந்தமா எழுதுன ஒரு பக்கம் படிக்கணும். நீங்க உங்க டிராக்டரப் பத்திப் படிங்க" என்றார். நவநீதன் தம்பிதான் சிறப்பு விருந்தினராம்.

நவம்பர் 27, திங்கள்

இன்ஜினுக்குக் கேஸ்கெட் வாங்க உடுமலைக்குப் போனேன். பஸ்ஸை விட்டு இறங்கியதிலிருந்து ஒவ்வொரு பலகையாகப் படித்துக்கொண்டே போனேன். சலூன். மருந்துக் கடை. சூடான போண்டா. எத்தனை தடவை வந்த தெரு, ஒரு நாளும் என்னோடு பேசியதில்லை. இன்றைக்கு இரண்டு பக்கமும் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பேசியது. முறுக்குக் கடைக்காரர், "என்னங் பெரியவரே, அட்ரஸ் தேடறீங்களா?" என்றார். இல்லை, படிக்கிறேன் என்றேன்.

பிறகு மணிக்கூண்டுத் திருப்பத்தில் இன்னொரு பலகையைப் படித்தேன்.

கேஸ்கெட் வாங்காமல் திரும்பிவிட்டேன்.

நவம்பர் 28, செவ்வாய்

உடம்பு சரியில்லை என்று பழனாத்தாளிடம் சொன்னேன். வகுப்புக்கும் போகவில்லை.

டிசம்பர் 1, வெள்ளி

சங்கிலி உருளும் ரோலர்களுக்கு கிரீஸ் அடித்தேன். இடது பிரேக் பட்டையைக் கழற்றிச் சுத்தம் செய்தேன். வேலை இருக்கும் வரைக்கும் பரவாயில்லை.

டிசம்பர் 3, ஞாயிறு

கிட்டு பன்னிரண்டு பின்களோடு வந்தான். கண்ணாடி மாதிரி பளபளப்பு. ஒன்றை என் உள்ளங்கையில் வைத்து, "முகம் பாக்கலாம், பாருங்க" என்றான். பார்க்கவில்லை.

இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று இருந்தேன். "கிட்டு, உங்கய்யன்..." என்று ஆரம்பித்தேன்.

"அந்தாளப் பத்தி எதுக்குங் இப்ப? நல்ல நாள் பொழுதுல." பனியனால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "சித்தி, கொழம்பு வாசம் ஊரையே தூக்குது. எனக்கும் ஒரு வட்டல் எடுத்து வையுங்க."

உட்கார்ந்து சாப்பிட்டான். நானும் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன். சாப்பாடு இறங்கியது. அதுதான் எனக்கு வெட்கமாக இருக்கிறது, இறங்கியது என்பது.

டிசம்பர் 5, செவ்வாய்

வாயால் வராது என்று தெரிந்துவிட்டது. எழுதிப் பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆரம்பித்தது, இன்றுதான் முடிந்தது.

ஐம்பத்தேழு வருஷத்துக்கு முன்னால் வாய்க்கால் தண்ணீர் எங்கள் பக்கம் வரப்போகிறது என்றார்கள். மேடும் பள்ளமுமான காடுகளை எல்லாரும் சமன் செய்தார்கள். நான் ஒரு காண்ட்ராக்டரிடம் இந்த வண்டியை ஓட்டினேன். எனக்குப் படிப்பு இல்லை. ஆனால் சட்டைப் பையில் பேனா வைத்துக்கொள்வேன். உடுமலைத் தேர்த் திருவிழாவில் வாங்கியது. டிரைவருக்குப் பேனா இருந்தால் மரியாதை. இறங்கி நடந்தால் பெண்கள்கூட ஓரமாக நிற்பார்கள். எனக்குப் படிக்கத் தெரியும் என்று ஊர் நினைத்தது. நான் இல்லை என்று சொல்லவில்லை.

மேற்குத் தோட்டத்து முதலாளியைப் பண்ணாடி என்போம். நவநீதன் தம்பியின் தாத்தா. அவருடைய தோட்டத்தை ஒட்டி, வாய்க்கால் வரப்போகும் பக்கம், நஞ்சண்ணனுக்கு மூன்று ஏக்கர். அவர் தாத்தா காலத்திலிருந்து உழுத காடு. கையில் பத்திரம் கிடையாது. பண்ணாடி தோட்டத்தில் நான்கு நாள் வேலை செய்தேன். ஐந்தாம் நாள் காலையில், "வண்டிய அப்படியே அந்தப் பக்கம் திருப்பு" என்றார்.

நஞ்சண்ணன் ஓடி வந்தார். அவர் சம்சாரம் வண்டிக்கு முன்னால் வந்து நின்றது. இடுப்பில் கிட்டு. பண்ணாடி மடியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து, "சர்க்கார் உத்தரவு, இந்தக் காடு என்னுதுன்னு எழுதியிருக்குது" என்றார்.

நஞ்சண்ணன் அந்தக் காகிதத்தை வாங்கி என்னிடம் நீட்டினார். "மாரப்பா, நீ பேனா வெச்சுருக்கறவன். நம்மாளு. நீ படிச்சுச் சொல்லு சாமி. அப்படித்தான் போட்டுருக்குதுன்னு நீ சொல்லீட்டா நான் ஒதுங்கிக்கறேன். இல்லீன்னா என்னை அரைச்சுட்டுத்தான் வண்டி போகோணும்."

சுற்றிலும் இருபது பேர். எனக்குப் படிக்கத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். மூன்றே சொல்தான்.

காகிதத்தைப் பிடித்தேன். மேலே பெரிய எழுத்தில் ஒரு வரி. சீக்கிரம் முடித்தால் சந்தேகப்படுவார்கள் என்று, அந்த வரியை ஒவ்வொரு உருவமாக நின்று நின்று பார்த்தேன். ஒரு பெட்டி, அதற்கு ஒரு முட்டுக்கட்டை. தலையில் பொட்டு வைத்த ஒரு லீவர். அதே லீவர், கீழே ஒரு சுழி. பிறகு வால் வளைந்த ஒன்று, மறுபடி அதே ஒன்று தலையில் கொக்கியோடு. அப்படிப் போயிற்று. கீழே சின்ன எழுத்தில் நிறைய இருந்தது, அதன்மேல் சும்மா கண்ணை ஓட்டினேன். உதட்டையும் அசைத்தேன்.

"உத்தரவுதானுங்கண்ணா" என்றேன்.

நஞ்சண்ணன் என் முகத்தைப் பார்த்தார். "சரி. மாரப்பனே படிச்சுட்டான்" என்றார். சம்சாரத்தின் கையைப் பிடித்து ஒதுக்கினார். நான் வண்டியில் ஏறினேன். எல்லைக் கல், வேலி, பிஞ்சும் காயுமாக நின்ற முருங்கை, கட்டுத்தறி எல்லாம் மத்தியானத்துக்குள் முடிந்தது. அதற்குப் பிறகு நஞ்சண்ணன் அதே காட்டில் பண்ணாடிக்குத் தண்ணீர் கட்டும் ஆளாக இருந்தார். கிட்டுவுக்கு எட்டு வயதில் தாய் போனது, பன்னிரண்டில் அவரும் போனார்.

அது உண்மையான உத்தரவாகவே இருந்திருக்கும் என்று இத்தனை வருஷமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் அந்த வரியின் உருவங்கள் அப்படியே உள்ளே கிடந்தன. கலைந்து போகவே இல்லை. அன்றைக்கு மணிக்கூண்டுத் திருப்பத்தில் அதே உருவங்கள், அதே வரிசையில், ஒரு கடைப் பலகையில் நின்றன. இப்போது எனக்குப் படிக்கத் தெரியுமே. படித்தேன்.

மாட்டுத் தீவனம்.

பண்ணாடி காட்டியது ஒரு தீவனக் கடைச் சீட்டு. அதோடு முடிந்திருந்தாலும் பரவாயில்லை. பஸ்ஸில் வரும்போது இன்னொன்று புரிந்தது. தினமும் வேலை முடிந்ததும் எத்தனை மணி நேரம் வண்டி ஓடியது என்று ஒரு சீட்டு போடுவார்கள். நிலத்துக்காரர் கையெழுத்துப் போடுவார், டிரைவரும் போட வேண்டும். பண்ணாடி வீட்டில் நான்கு நாளும் நான் பெருவிரலை மையில் தோய்த்து உருட்டியிருக்கிறேன். அந்த ஊரில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும், என் பேனா சும்மா என்று. தெரிந்துதான் எந்தக் காகிதம் மடியில் இருந்ததோ அதை எடுத்து நீட்டினார். நான் தெரியாது என்று சொல்லமாட்டேன் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது.

நஞ்சண்ணன் கோழை இல்லை. அவர் நம்பிக்கை வைத்த இடம்தான் தப்பு.

டிசம்பர் 10, ஞாயிறு

விழா. முன்வரிசையில் நவநீதன் தம்பி, பக்கத்தில் ஊர்த் தலைவர். மூன்றாவது வரிசையில் கிட்டு, வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தான். பட்டறைக்குப் பூட்டுப் போட்டு வந்தானாம், சித்தப்பா படிப்பதைக் கேட்க.

என் கையில் இரண்டு தாள் இருந்தது. ஒன்று டிராக்டர். இன்னொன்று ஐந்தாம் தேதி எழுதியதைப் பார்த்துத் தனியாக எழுதியது. இரண்டையும் படிப்பது என்றுதான் மேடை ஏறினேன்.

டிராக்டரைப் படித்தேன். எலிக்குட்டி இடத்தில் சிரித்தார்கள். இன்ஜின் சுற்றிய இடத்தில் கைதட்டினார்கள். நவநீதன் தம்பி சால்வை போட்டு, "எங்க தாத்தா இருந்திருந்தா ரொம்ப சந்தோஷப்பட்டிருப்பாருங்கய்யா" என்றார். நான் கும்பிட்டேன். இரண்டாவது தாளை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

எல்லாரையும்விட அதிக நேரம் கைதட்டியது கிட்டு.

மறுபடியும் இருபது பேருக்கு முன்னால் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு நின்று, இருப்பதைச் சொல்லாமல் இறங்கியிருக்கிறேன். இந்தத் தடவை படிக்கத் தெரியாது என்ற சாக்கும் இல்லை.

டிசம்பர் 11, திங்கள்

காலையில் பட்டறைக்குப் போனேன். லேத்து ஓடிக்கொண்டிருந்தது. "கிட்டு, இதைப் படி" என்று தாளை நீட்டினேன்.

"கையெல்லாம் ஆயிலுங் சித்தப்பா. நேத்து மேடையில அந்தப் போடு போட்டீங்க, இதையும் நீங்களே படிங்க" என்று சிரித்தான்.

படித்தேன். என் வாசிப்பு மெதுவானது. நஞ்சண்ணன் ஓடி வந்தார் என்ற இடத்தில் கிட்டு லேத்தை நிறுத்தினான். அதற்குப் பிறகு என் குரல் மட்டும்தான் கேட்டது. இரண்டு இடத்தில் திக்கியது, ஆனால் எதையும் தாண்டவில்லை.

"முடிச்சுட்டீங்களா?"

"முடிச்சுட்டேன்."

வேஸ்ட்டுத் துணியை எடுத்தான். ஒவ்வொரு விரலாகத் துடைத்தான். நகக் கண்ணெல்லாம் துடைத்தான். பிறகு கையை நீட்டினான். "குடுங்க."

"நாந்தான் படிச்சுட்டனே சாமி."

"எங்கய்யனும் நீங்க படிச்சதத்தான் நம்புனாரு. அதுல அப்படித்தான் எழுதியிருக்குதான்னு நான் பாக்கோணும்."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்து படித்தான். அஞ்சாவது வரைக்கும்தான் பள்ளிக்கூடம் போனவன். நான் நின்றேன். உட்காரச் சொல்லவில்லை, நானும் உட்காரவில்லை. கடைசி வரியை இரண்டு தடவை படித்தான் என்று நினைக்கிறேன்.

"அப்படித்தான் எழுதியிருக்குது" என்றான்.

தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். "எங்கூட உக்காந்து எத்தன தடவ டீ குடிச்சிருப்பீங்க?"

நான் தரையில் கிடந்த இரும்புச் சுருள்களைப் பார்த்தேன்.

"கேக்கறேனல்ல. எத்தன தடவ?"

"கணக்கில்லை கிட்டு."

"அத்தன தடவையும் நான் எங்கய்யன ஏசுனதக் கேட்டுட்டுத்தானே டீய உறிஞ்சுனீங்க?"

"ஆமா."

"போங்க."

வந்துவிட்டேன்.

டிசம்பர் 12, செவ்வாய்

பழனாத்தாளுக்கும் படித்துக் காட்டினேன். அரிசி புடைத்துக்கொண்டே கேட்டாள். முறத்தைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். சாயங்காலம்தான் பேசினாள். "பத்திரிக்கைய நீங்க தலகீழாப் புடிச்சதச் சொல்லி இத்தன வருசமாச் சிரிச்சேனே" என்றாள்.

டிசம்பர் 16, சனி

பெரிய இன்ஜின் ஓடியது. இந்த வண்டியில் முதலில் சின்ன பெட்ரோல் இன்ஜினைக் கயிறு இழுத்து ஓட்ட வேண்டும், அது பெரியதைச் சுற்றி எழுப்பும். ஏழாவது இழுப்பில் சின்னது பிடித்தது. பத்து நிமிஷத்தில் பெரியது கரும்புகை தள்ளி எழுந்தது. தகரக் கூரை அதிர்ந்தது. இந்தச் சத்தத்துக்காகத்தான் ஒன்றரை மாதம் உழைத்தேன். இரண்டு நிமிஷம் கேட்டுவிட்டு நிறுத்தினேன்.

சங்கிலி இல்லாமல் கட்டைகள்மேல் நிற்கிறது. பன்னிரண்டு பின் இருக்கிறது. இன்னும் இருபத்தெட்டு வேண்டும். வேறு பட்டறையில் கேட்க மனசு வரவில்லை.

டிசம்பர் 19, செவ்வாய்

வகுப்பில் எமிலி டீச்சர், முகம் ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்டார். பல் வலி என்றேன். வெளியே வந்ததும், பல் வலி இல்லை என்று திரும்பிப் போய்ச் சொன்னேன்.

டிசம்பர் 24, ஞாயிறு

காலை மினி பஸ் நின்று, கண்டக்டர் ஒரு சாக்கு மூட்டையை வாசலில் இறக்கிவிட்டுப் போனார். உள்ளே எண்ணெய் தடவிய பின்கள், இருபத்தெட்டு. மேலே ஒரு கடிதம். எனக்கு இதுவரை யாரும் கடிதம் எழுதியதில்லை. எழுதியிருந்தாலும் நான் படித்திருக்க முடியாது. வாசல்படியில் உட்கார்ந்து படித்தேன். பென்சிலில் இருந்தது.

"பின் எல்லாம் முடிந்தது. அளவு சரியாக வரும். காங்கேயத்திலிருந்து அக்கா வந்திருந்தாள். உங்கள் தாளை அவளுக்குப் படித்துக் காட்டினேன். ரொம்ப நேரம் அழுதாள். எங்கள் அய்யனிடம் இனி நான் மன்னிப்புக் கேட்க முடியாது. உங்களை மன்னிக்கவும் எனக்கு மனசு வரவில்லை. வண்டியை ஓட்டுங்கள். பட்டறைப் பக்கம் வர வேண்டாம். ந. கிட்டுசாமி."

பழனாத்தாள் ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்தாள். மூட்டையைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்துவிட்டது. "பின்னு அனுப்பீட்டான் பாருங்க! கோவம் ஆறிப்போச்சு. என்னங் எழுதியிருக்கறான்? நல்லதா ரெண்டு வார்த்த சொல்லியிருக்கறானா?"

அவளுக்குப் படிக்கத் தெரியாது. நான் என்ன சொன்னாலும் நம்புவாள்.

பக்கத்தில் உட்காரச் சொன்னேன். முதல் சொல்லிலிருந்து அவன் பெயர் வரைக்கும் விரல் வைத்துப் படித்தேன். எதையும் விடவில்லை, எதையும் சேர்க்கவில்லை. பட்டறைப் பக்கம் வர வேண்டாம் என்ற இடத்தில், "அப்படியா எழுதியிருக்குது, நல்லாப் பாருங்க" என்றாள். நன்றாகப் பார்த்துவிட்டு, அந்த இடத்தை இன்னொரு தடவையும் படித்தேன்.